ராஜினாமாக் கடிதத்துக்கு முன்: வேலைக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் பென்ஷனா, பி.எஃப் பணமா, வேலையா?

என் மைத்துனர் ஒரு கம்பெனியில் ஸ்டாஃப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரும்புக் கம்பி அறுக்கும்போது துகள் தெறித்து வலது கண் போய்விட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துவிட்டு ஆபீசுக்குப் போனபோது, அங்கே டைப் அடித்துத் தயாராக வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்கள். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்." படித்துப் பார்க்கும் மனநிலையில் அவர் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஒரு வரி அவருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று கணக்குப் போட எனக்கே ஒரு வருடம் ஆனது. அவர் அங்கே வேலை பார்த்தது நான்கு வருடம் இரண்டு மாதம். அடிப்படைச் சம்பளம் 15,000. ஐந்து வருடம் முடியவில்லை என்று கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கிடைக்கவில்லை. ஐந்து வருடத்துக்குள் எடுத்ததால் பி.எஃப் பணத்தில் வரி பிடித்தார்கள். பத்து வருடச் சேவை இல்லை என்பதால் பென்ஷன் கணக்கில் இருந்ததை மொத்தமாக அறுபதாயிரம் சொச்சம் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். எல்லாம் விதிப்படிதான். ஆனால் இந்த 5, 5, 10 என்ற மூன்று வரம்புகளுக்கும் அதே விதிகளில் ஒரு விலக்கு இருக்கிறது: வேலை போனதற்குக் காரணம் ஊனம் அல்லது உடல்நலக் கேடு என்றால் அவை பொருந்தாது.

1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் தொடங்கிய விதிப்படி, இறப்பாலோ ஊனத்தாலோ வேலை முடிந்தால் ஐந்து வருடச் சேவை தேவையில்லை. மைத்துனருக்கு 15,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, நான்கு வருடத்துக்கு 34,615 ரூபாய் வந்திருக்க வேண்டும். உடல்நலக் கேட்டால் வேலை போயிருந்தால் ஐந்து வருடத்துக்குள் எடுத்த பி.எஃப் பணத்துக்கும் வரி கிடையாது. பி.எஃப் பென்ஷனுக்கான, 1995 நவம்பர் 16-ல் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் 15-வது பத்தி இன்னும் தாராளமானது. வேலையில் இருக்கும்போது நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டால், ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் ஆயுள் முழுக்க மாதப் பென்ஷன் உண்டு. விபத்து வேலையிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மெடிக்கல் போர்டு அவருக்குச் சம்மதித்திருக்குமா என்பது வேறு கேள்வி. கேட்பதற்கான வழியையே அந்தக் கடிதம் அடைத்துவிட்டது.

எனவே, வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போவது என்று முடிவாகும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு கண், மூன்று அளவுகோல்

இந்த விஷயத்தில் ஜனங்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "எனக்கு எத்தனை சதவீதம் ஊனம்?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது. யார் அளக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

ஒரு கண் முழுதாகப் போய், மறு கண் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசு டாக்டர் அளக்கும்போது இது 30 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் 40 சதவீதம் வேண்டும் என்பதால், இந்தச் சான்றிதழால் பெரிய பயன் இல்லை. அதே கண் வேலையிடத்து விபத்தில் போயிருந்தால், சம்பாதிக்கும் திறன் இழப்பு 40 சதவீதம் என்று இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டவணை சொல்கிறது. பி.எஃப் பென்ஷனுக்கு வந்தால் சதவீதம் என்ற பேச்சே இல்லை. ஊனம் ஏற்பட்டபோது பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு இவர் நிரந்தரமாக, முழுமையாகத் தகுதியற்றவரா என்றுதான் அந்த போர்டு பார்க்க வேண்டும்.

ஆகவே அதே ஒற்றைக் கண் கணக்கு எழுதுபவருக்கு ஒரு முடிவையும், வேன் ஓட்டுநருக்கு வேறு முடிவையும் தரும். அதே சமயம் திட்டத்தின் விளக்கப் பகுதியில், அப்போது செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைக்கும் இயலாமை என்ற கடுமையான வாசகமும் இருக்கிறது. இழுபறி வருவது அங்கேதான். போர்டு முன்னால் போகும்போது அடையாள அட்டையை மட்டும் நீட்டினால் போதாது. தினமும் என்ன வேலை செய்தீர்கள், அதற்கு உடலில் எது தேவைப்பட்டது என்பதை நிறுவனத்தின் கடிதத்தோடு கொண்டுபோக வேண்டும். "டிரைவர்" என்று ஒரு வார்த்தை எழுதுவதும், "பயணிகளோடு தினம் 140 கிலோமீட்டர் வேன் ஓட்டினார்" என்று எழுதுவதும் ஒன்றில்லை.

இன்னொன்றும் இதிலிருந்து தெரியும். ஓர் அலுவலகம் கொடுத்த சதவீதத்தை வைத்து அடுத்த அலுவலகத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம், அதிக நம்பிக்கையும் வேண்டாம்.

தனியார் வேலை: மூன்று வழிகளின் கணக்கு

வயது 42, பென்ஷன் சேவை 16 வருடம், பென்ஷனுக்கான சம்பளம் உச்சவரம்பான 15,000 என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். பென்ஷன் சூத்திரம் எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்.

முதல் வழி, ஊனப் பென்ஷன். 15,000 பெருக்கல் 16 வகுத்தல் 70, அதாவது மாதம் 3,429 ரூபாய். ஊனம் ஏற்பட்ட மறுநாளிலிருந்து கணக்கு. வயது குறைவு என்று எதுவும் கழிக்க மாட்டார்கள். 58 வயது ஆவதற்குள் 6,58,000 ரூபாய்க்கு மேல் கைக்கு வந்திருக்கும்.

இரண்டாவது, சாதாரணமாக ராஜினாமா செய்துவிட்டு, பத்து வருடம் தாண்டியதால் சேவைச் சான்றிதழை, ஆபீஸ் பேச்சில் ஸ்கீம் சர்டிபிகேட்டை, வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பது. அதே 3,429 கிடைக்கும், ஆனால் 58 வயதில். 50 வயதிலேயே வேண்டும் என்றால் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, ஆக 2,300-லிருந்து 2,500-க்குள் ஏதோ ஒரு தொகை. ஊனப் பென்ஷனுக்குத் தகுதியுள்ள ஒருவர் இந்த வழியில் போவதற்கு ஒரு காரணம்கூட எனக்குத் தெரியவில்லை. இருந்தும் பெரும்பாலானவர்கள் இதில்தான் போய் விழுகிறார்கள், யாரும் சொல்லாததால்.

மூன்றாவது, வேறு பொறுப்புக்கு மாறி அதே நிறுவனத்தில் தொடர்வது. 58 வரை இருந்தால் சேவை 32 வருடம். 20 வருடத்தைத் தாண்டியதற்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்த்து 34. பென்ஷன் 7,286. முதல் வழியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் பதினாறு வருடச் சம்பளம் வேறு. பி.எஃப் சேமிப்பு வளரும், கிராஜுவிட்டி வளரும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும், பி.எஃப்-போடு சேர்ந்த வைப்புத்தொகைக் காப்பீடும் நீடிக்கும். வேலையை விட்டால் அது போய்விடும். பென்ஷன் வாங்குகிறவருக்கு அந்தக் காப்பீடு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காகிதத்தில் மூன்றாவதுதான் ஜெயிக்கிறது. ஆனால் தனியார் நிறுவனம் வேறு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இறுக்கிப் பிடிக்கவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வேலையைக் காக்கும் வலுவான பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியாரில் அது பேரம். யூனியன் இருக்கிறதா, மேலாளர் எப்படிப்பட்டவர், ஸ்டோரிலோ டெஸ்பாட்சிலோ இடம் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். அதனால் என் யோசனை: முதலில் மாற்று வேலை கேட்டு எழுத்தில் கொடுங்கள். "இடம் இல்லை" என்று அவர்கள் எழுத்தில் பதில் தந்தால், அதுவே ஊனப் பென்ஷனுக்கும் கிராஜுவிட்டிக்கும் உங்கள் பக்கத்துச் சான்றாகிவிடும். வாயால் சொன்னது எதற்கும் உதவாது.

சேவை குறைவாக இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. ஆறு வருடச் சேவை என்றால் ஊனப் பென்ஷன் 1,286 ரூபாய். மொத்தமாக எடுத்தால் ஏறக்குறைய தொண்ணூறாயிரத்தைச் சுற்றி ஒரு தொகை. இரண்டில் எது? ஆறு வருடத்துக்குள் மாதப் பென்ஷன் அந்த மொத்தத் தொகையை எட்டிவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க. அவருக்குப் பிறகு மனைவிக்கோ கணவருக்கோ பாதி, குறைந்தபட்சம் 1,000. 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பென்ஷன் எவ்வளவு குறைந்தாலும் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய்க்குக் கீழே போகாது. ஆயிரம் ரூபாயில் இன்றைக்கு என்ன வாங்க முடியும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் தொண்ணூறாயிரம் வீட்டுக்குள் வந்தால் ஆஸ்பத்திரிக் கடனுக்கு ஒரே நாளில் போய்விடும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கந்துவட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், அதற்குப் பி.எஃப் சேமிப்பை எடுங்கள். நிரந்தர இயலாமையால் ஓய்வு என்றால் அதை முழுதாக எடுக்கலாம். பென்ஷன் கணக்கைத் தொட வேண்டாம். இரண்டும் ஒரே பாஸ்புக்கில் தெரிந்தாலும் வேறு வேறு பானைகள்.

இ.எஸ்.ஐ: வேலையோடு சேர்ந்து வரும் பென்ஷன்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் இ.எஸ்.ஐ-யில் இருப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த வரம்பு 25,000. இங்கே எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் கேள்வி, விபத்து வேலை சம்பந்தப்பட்டதா என்பது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடந்ததும் வேலையோடு தொடர்பு நிரூபணமானால் சேரும்.

வேலை விபத்து என்றால், குணமாகும் வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். அந்தக் காலத்தில் நிறுவனம் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி ராஜினாமாக் கடிதங்கள் தவிர்ந்துவிடும். அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு திறன் இழப்பைச் சதவீதமாகச் சொல்லும். தினக்கூலி 600, ஒரு கண் போய் 40 சதவீத இழப்பு என்றால், 540-ல் 40 சதவீதமாகத் தினம் 216 ரூபாய், மாதம் 6,480 பக்கம், ஆயுள் வரை.

இதில் முக்கியமான விஷயம், வேறு வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது. இழந்த திறனுக்கான ஈடு இது, வேலையில்லாததற்கான உதவித்தொகை கிடையாது. எனவே இ.எஸ்.ஐ-யில் இருப்பவர் "வேலையா, பென்ஷனா" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே வரும். நிரந்தர ஊனத்தால் வேலையை விட்டுவிட்டாலும், வருடம் 120 ரூபாய் கட்டி, வழக்கமான ஓய்வு வயது வரை இ.எஸ்.ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம்.

விபத்து வேலை சம்பந்தப்படாதது என்றால் கதை சுருங்கிவிடும். நோய்க்கால உதவி வருடத்தில் 91 நாள், 70 சதவீதம். சில நீண்ட நோய்களுக்கு மட்டும் 80 சதவீதமாக இரண்டு வருடம் வரை நீட்டிப்பார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர இயலாமையால் வேலை போனால், வேலையில்லா உதவியும் உண்டு. முதல் வருடம் கூலியில் பாதி, அடுத்த வருடம் கால்வாசி, அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ வரம்பைத் தாண்டிய சம்பளம், ஆனால் விபத்து வேலையில் நடந்தது என்றால் ஊழியர் இழப்பீடு. 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய கணக்கு அது: கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்குவார்கள். கூலியை 15,000 வரை மட்டும் எடுப்பார்கள். 40 வயதுக்காரருக்கு எண் 184.17. முழு ஊனத்துக்கு 16,57,530 ரூபாய், ஒரு கண்ணுக்கு அதில் 40 சதவீதம், 6,63,012. இது ஒருமுறைத் தொகை. இதை வாங்கினால் பி.எஃப் பென்ஷன் போய்விடும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. போகாது. இ.எஸ்.ஐ உள்ளவர் அதே காயத்துக்கு இந்த இழப்பீட்டையும் கேட்க முடியாது, அது மட்டும்தான் இடிக்கும்.

அரசு வேலை: பெரும்பாலும் யோசிக்கவே தேவையில்லை

அரசுப் பணியிலும் அரசு நிறுவனங்களிலும் இருப்பவர்களுக்கு 2016 சட்டத்தின் 20(4) பிரிவு இரும்புக் கவசம். பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு பதவி. அப்படி ஒன்று இல்லை என்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகங்களுக்கும் இது பொருந்தும்.

மறுபக்கம் இயலாமைப் பென்ஷன். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2019-ல் திருத்தம் வந்த பிறகு, பத்து வருடம் முடிக்காதவர்களுக்கும் இது உண்டு. 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்து தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள்கூட, ஊனத்தால் வெளியேற்றப்பட்டால் பழைய பென்ஷன் விதிப்படியான பலனைத் தேர்ந்தெடுக்க வழி வைத்திருக்கிறார்கள். அந்த விருப்பப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும். உங்கள் பணிப்பதிவேட்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சரி, எது மேல்? முழுச் சம்பளமும் வருடாந்திர உயர்வும் ஒரு பக்கம். சம்பளத்தில் அதிகபட்சம் பாதி இன்னொரு பக்கம். பணத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. வலியோடு தினம் இரண்டு பஸ் மாறிப் போக முடியாதவர், டயாலிசிஸில் இருப்பவர், மனநோயால் ஆபீசுக்குள் நுழையவே முடியாதவர் ஆகியோருக்கு வேறு பதில் இருக்கலாம். அதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், மேலதிகாரி இல்லை. விவரம் தெரியாமல் இயலாமைப் பென்ஷனை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. ஒரு காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில், பென்ஷன் வாங்கிக்கொண்டதாலேயே வேலைப் பாதுகாப்பு உரிமை போய்விடாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. அதே பாதுகாப்பைத்தான் இப்போதைய சட்டமும் வைத்திருக்கிறது.

கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால்

தனியாரில் வேறு வழியே இல்லை, வெளியேற வேண்டியதுதான் என்றால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மருத்துவச் சான்று. அப்புறம் ஊனப் பென்ஷனுக்கான 10டி படிவம். கடைசியில்தான் விலகல். "வேலையில் இருக்கும்போது ஏற்பட்ட ஊனம்" என்பது பென்ஷனின் நிபந்தனை. விலகல் தேதி முந்திக்கொண்டு சான்று பிந்தினால் வீண் கேள்விகள் வரும். கடிதத்தில் ஊனம் ஏற்பட்ட தேதி, அதனால் செய்ய முடியாமல் போன வேலை, மாற்று வேலை கேட்டது, மறுக்கப்பட்டது ஆகிய நான்கும் இருக்கட்டும். "சொந்தக் காரணம்" என்ற இரண்டு வார்த்தை இருக்கவே கூடாது.

நிறுவனம் பி.எஃப் இணையதளத்தில் விலகல் தேதியைப் போடும்போது அதற்குப் பக்கத்தில் காரணத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் "நிரந்தர ஊனம்" என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. வழக்கமாகக் கை பழகிப் போன "பணி விலகல்" என்பதையே அழுத்திவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே எச்.ஆரிடம் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. வங்கிப் பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா பாருங்கள். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கான பிரீமியம் அது. எப்போதோ கையெழுத்துப் போட்டு மறந்திருப்போம். விபத்தால் முழு ஊனம் என்றால் 2 லட்சம், ஒரு கண் அல்லது ஒரு கை, கால் என்றால் 1 லட்சம். மைத்துனருக்குப் பிடித்திருந்தார்கள். கையில் இருந்த கடைசி நம்பிக்கை அதுதான், ஆனால் கேட்கப் போனபோது கெடு தாண்டியிருந்தது.

இப்போது அவர் வேறொரு இடத்தில் ஸ்டோரில் இருக்கிறார். சம்பளம் பரவாயில்லை, பி.எஃப் பிடிக்கிறார்கள், எண்ணும் பழைய எண்தான். பழைய பென்ஷன் கணக்கை மொத்தமாக எடுத்துவிட்டதால், அந்த நான்கு வருடம் மட்டும் பாஸ்புக்கில் எங்கும் இல்லை. பத்து வருடக் கணக்கு மறுபடி முதல் மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.